கோட்டுக்கு மேலே

கொழுந்து மடுவத்தின் ஒரு மூலைதான்
மாதத்தின் இரண்டாம் புதனில் என் கிளினிக்.
ஒரே உத்தரத்தில் இரண்டு கொக்கி.
ஒன்றில் சாக்கு தொங்கும்,
மற்றதில் நான் பிள்ளையைத் தொங்கவிடுவேன்.

நிரோஷினி அரைநாள் கேட்டு வந்திருக்கிறாள்.
விரலெல்லாம் கறை,
படங்கு கட்டிய இடுப்பு இன்னும் ஈரம்.
நிறுக்கும் காற்சட்டைக்குள் சஷ்மிதன் காலை விட்டதும்
முள் ஓடுகிறது.
"எத்தன கிலோ மிஸ்ஸி?"
இரண்டரை வயதுக்குப் பதினேழு.
வரிசையில் நிற்கும் பெண்கள் கண்ணை விரிக்கிறார்கள்.
அவள் முகத்தில்
முழுப்பேர் விழுந்த நாளின் வெளிச்சம்.

தராசு அவளுக்குப் புதிதல்ல.
பதினெட்டு இல்லையென்றால் அரைப்பேர்.
ஈரத்துக்கு இரண்டு, சாக்குக்கு ஒன்று என்று
கணக்கப்பிள்ளை கழிக்கக் கழிக்க
பேசாமல் நின்று பழகியவள்.
கூடினால் நல்லது, குறைந்தால் குற்றம்.
எந்தத் தராசும் அவளிடம்
இதைத் தவிர வேறெதுவும் சொன்னதில்லை.

நானும் சொன்னதில்லை.

கொப்பியைப் பிரிக்கிறேன்.
முதல் பக்கத்தில் என் கையெழுத்து:
பிறப்பு எடை இரண்டு கிலோ நூறு.
அதன் கீழே சிவப்பில், மாதாமாதம்,
போதாது. போதாது. தாயிடம் பேசப்பட்டது.
எப்படிப் பேசினேன் என்பது ஞாபகம் இருக்கிறது.
எல்லோர் முன்னாலும்
"புள்ளயப் பட்டினி போடுறியா" என்று கேட்டேன்.
பிரசவ லீவு முடிந்து மலை ஏறிய உடம்பு,
பால் கட்டிச் சட்டை நனைய
பிள்ளைக்காம்பராவுக்கு ஓடி வந்த உடம்பு,
அன்றைக்கும் பேசாமல்தான் நின்றது.

பிறகு அவள் தவறவேயில்லை.
போத்தலில் பால்மா, கூட ஒரு கரண்டி, சீனி இரண்டு.
கொட்டாஞ்சேனைக் கடையில் நிற்கும் புருஷன்
பூண்டுலோயா பஸ்ஸில் ஏற்றிவிடும் பைக்குள்
கிரீம் பிஸ்கட், நூடில்ஸ், சிவப்புச் சோடா.
அப்பா வரமுடியாத ஞாயிறுகளைப்
பிள்ளை ஒவ்வொன்றாக உரித்துத் தின்றான்.
பதினான்காம் மாதம் கோடு பச்சைக்குள் ஏறியபோது
கைதட்டியவள் நான்.
பத்தொன்பதில் அது செங்குத்தாகப் போனதைப் பார்த்தேன்.
பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன்.
இந்த லயத்தில் ஒரு பிள்ளையாவது கொழுக்கட்டுமே என்று
என் பேனாவுக்கும் ஆசை.

இன்று புள்ளி ஊதாவில் நிற்கிறது.

எம்.ஓ.எச். கந்தோர் தந்த தாளில் நாலு வரி.
வாசித்துக் காட்ட ஒரு நிமிஷம் போதும்.
மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு
அவளைப் பீலிக்கரைக்குக் கூட்டிப்போகிறேன்,
தண்ணீர்ச் சத்தத்தில் பேச்சு மறைகிற இடத்துக்கு.

"புள்ள குண்டுன்னு சொல்ல வரல்ல.
நீ ஒரு பிழையும் செய்யல்ல.
அன்னைக்கு நான் பேசுன பேச்சுத்தான் பிழை."
அவள் என்னைப் பார்க்கவில்லை.
"அப்ப சோத்தக் குறைக்கவா மிஸ்ஸி?"
"சோறு இருக்கட்டும், பருப்பும் கீரையும் இருக்கட்டும்.
போத்தல்தான் போகணும்.
கோப்பையில குடு, சீனி போடாம.
வாயத் திருப்புனா விட்டுடு.
போதும்ங்கிறத அவன் அப்பிடித்தான் சொல்லுவான்."

"ராவுல போத்தலுக்கு அழுவானே.
நடுவுல பலகைச் சுவருதான்.
பக்கத்துக் காம்பரா ஏசும்,
விடிஞ்சா நான் மலைக்குப் போகணுமே."

இதற்குத் தாளில் வரி இல்லை.
எனக்கும் உடனே ஒன்றும் வரவில்லை.
"முதல்ல ஒரு கரண்டியக் குறை.
வெள்ளிக்கிழம லயத்துக்கு வாறேன், பாப்பம்."
புருஷனின் நம்பரைக் கேட்டு
உள்ளங்கையில் எழுதிக்கொள்கிறேன்.
பையில் பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு பந்து வரலாம்,
அல்லது அவனே வரலாம்.

திரும்பி வந்தால்
சஷ்மிதன் வெற்றுச் சாக்குக் குவியலில் ஏறிக் குதிக்கிறான்.
கணக்கப்பிள்ளை அதட்டுகிறார்.
"குதிக்கட்டும், விடுங்க" என்கிறேன்,
கொஞ்சம் சத்தமாகவே.

அடுத்தது கங்கேஸ்வரியின் மகள்.
ஒரு வயது, ஆறு கிலோ எண்ணூறு.
கோட்டுக்குக் கீழே, வெகு கீழே.
வாயைத் திறக்கிறேன்.
வரிசை முழுவதும் காது.

மூடிக்கொண்டு,
மறுபடியும் பீலிக்கரைக்கு நடக்கிறேன்.